கொதிக்கும் குழம்பில் அயோடின் ஆவியாகிவிடுமா?

"எங்கள் வீட்டில் எப்போதும் கல் உப்புதான். அடுப்பு மேடையில் திறந்த ஜாடியில் இருக்கும். சூடான குழம்பில் போட்டதும் அயோடின் ஆவியாகிவிடும், அயோடின் உப்பு வாங்குவதே வீண் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் இந்துப்புக்கு மாறிவிட்டோம். மகள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். நாங்கள் செய்தது சரியா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

அம்மா, இன்றைக்கே அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தனி அயோடின் எளிதில் ஆவியாகும் பொருள்தான். அது கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் குணத்தால்தான். 1811-இல் பிரான்சில், நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலிலிருந்து எடுத்த கரைசலில் கந்தக அமிலத்தைச் சற்று அதிகமாக ஊற்றினார். ஊதா நிற ஆவி கிளம்பியது. குளிர்ந்த இடங்களில் அது கருமையாக மின்னும் படிகங்களாகப் படிந்தது.   

உப்பில் இருப்பதோ தனி அயோடின் அல்ல. நம் நாட்டில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அயோடினும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த சேர்மம் அது. சில நாடுகளில் உப்பில் சேர்க்கும் அயோடைடு என்ற இன்னொரு அயோடின் சேர்மத்தைவிட ஈரத்தையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். சமைக்கும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும். ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மீதி உணவில்தான் இருக்கும். குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் இழப்பு இன்னும் குறையும்.

கொதியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் திறந்த ஜாடி. அயோடேட் கரைசலை உப்பின் மேல்தான் தெளிக்கிறார்கள். கல் உப்பு நீர்த்துப்போனால் அந்தப் பூச்சு நீரோடு வடிந்து அடியில் தங்கிவிடும். தூசி போக அலசினால் கையோடு போய்விடும். ஆகவே மூடியுள்ள ஜாடி, உலர்ந்த கரண்டி, அடுப்பிலிருந்து தள்ளி ஓர் இடம். கல் உப்பே பிடிக்குமென்றால் அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்துப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். கடலிலிருந்து வருவதால் சாதாரணக் கல் உப்பில் தானாகவே அயோடின் இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. கடற்பாசி அயோடினைத் தன்னுள் திரட்டி வைக்கும். உப்பளத்தில் விளையும் உப்பில் அது தேவைக்குப் போதுமான அளவு தங்குவதில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் தன் ஹார்மோனைச் சுரக்கிறது. வயிற்றில் உள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை வளரத் தேவையான ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. சட்டப்படி, கடைக்கு வரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அந்த அளவில் 5 கிராம் உப்புக்கு 75 மைக்ரோகிராம்தான் வரும். அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவற்றை மகளின் சாப்பாட்டில் தவறாமல் சேருங்கள்.

இதுவரை இந்துப்புப் பயன்படுத்தியதை மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போதே சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனை வேண்டுமா, கூடுதல் அயோடின் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அயோடின் மிகுந்தாலும் தைராய்டு கெடும்.