அழித்த புள்ளிகள்

வணக்கம் ஐயா,

பினாங்கில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மாணவி நான். பாடத்துக்காக நாங்கள் ஆறு பேர் பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்துக்கு வரைபடம் போட்டோம். மரம், ஓடை, பாதை எல்லாவற்றையும் கைப்பேசியில் குறிக்க வேண்டும். நான்தான் குழுத் தலைவி. இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினேன். தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஓடை வரைக்கும் வழி காட்டிவிட்டுப் போனார். கடைசியில் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே மரம் இரண்டு முறை வருகிறது, சில மரங்கள் ஓடைக்குள் நிற்கின்றன. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு நண்பரைத் திட்டிவிட்டேன். பிறகு நானே விடிய விடிய உட்கார்ந்து தப்பான புள்ளிகளை எடுத்துவிட்டு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சரிசெய்து அனுப்பினேன். விரிவுரையாளர் பாராட்டினார். அடுத்து தோட்ட முதலாளி தவ்கேயிடமும் கொடுக்கப்போகிறோம். ஆனால் குழுவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குத் தலைமைத்துவம் வராதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த நண்பர். ஓடைக்குள் மரம் நின்றதற்கு அவருடைய சோம்பல்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? திறந்த வெளியிலேயே கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். பாலிக் பூலாவில் மேலே டுரியான் கிளை மூடியிருக்கும், பக்கத்தில் குன்று பாதி வானத்தை மறைத்திருக்கும். பிழை இன்னும் கூடத்தான் செய்யும். டுரியான் மரங்களுக்கு இடையே பொதுவாக 10 மீட்டர் அளவுதான் விடுவார்கள். இரண்டு குழுவும் ஆளுக்கொரு பக்கம் 5 மீட்டர் தவறினால், இந்த மரம் எது, அடுத்த மரம் எது என்று அடையாளமே தெரியாது.

இது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். யார் எல்லை எங்கே முடிகிறது, அடிமரத்தை ஒட்டி நின்று குறிப்பதா தள்ளி நின்றா, கைப்பேசி காட்டும் எண் அசையாமல் நிற்க எவ்வளவு நேரம் காத்திருப்பது, குறித்த மரத்தில் என்ன அடையாளம் கட்டுவது. அரை மணி நேரப் பேச்சு. தலைவிக்கு உண்டான வேலை அதுதான், சலிப்பான வேலை. நம் தலைமைத்துவ முகாம்களில் கயிறு இழுக்க வைக்கிறார்கள், மேடையேறிக் கத்த வைக்கிறார்கள். ரிப்பனை எந்த உயரத்தில் கட்டுவது என்று ஆறு பேரை ஒத்துக்கொள்ள வைப்பதை அங்கே நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் நண்பர்கள் பேசாமல் இருப்பதற்குத் திட்டு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வெயிலில் நடந்து குறித்த புள்ளிகளை, ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நில அளவையாளர் களப் புத்தகத்தில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்க மாட்டார். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுவார். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். நாளைக்குச் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் இருக்கும்.

சென்னை பரங்கிமலையில் 1802இல் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் கதை இங்கே பொருந்தும். கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவர் 6 வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு தானே தட்டிச் சரிசெய்தார். விடிய விடிய உட்கார்ந்த உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து சரிசெய்தது கருவியை. அடுத்தவர் எடுத்த அளவை அப்படிச் சரிசெய்ய முடியாது. அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும், அது எந்த மரம் என்று. செயற்கைக்கோள் படத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஒன்றோடொன்று கலந்த இலைக்கூட்டம். அடிமரம் அதில் தெரியாது.

இன்னொருவருக்கும் தெரியும். வழி காட்டிவிட்டுப் போனார் என்று ஒரே வரியில் முடித்தீர்களே, அந்த அண்ணன். பருவத்தில் தினம் காலையில் விழுந்த பழம் பொறுக்க அவர் ஒரே வரிசையில்தான் நடப்பார்: எந்த மரத்தில் தொடங்கி, எங்கே ஓடையைத் தாண்டி, எந்தச் சரிவில் ஏறுவது என்று. மரங்களுக்கு அந்த வரிசையிலேயே எண் கொடுத்திருந்தால் இரட்டை மரம் உடனே மாட்டியிருக்கும். தவ்கேக்கும் அந்த வரைபடம் உதவியிருக்கும். எக்செல் அட்டவணையின் வரிசையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

தலைமைத்துவம் வருமா வராதா என்பதை என்னிடம் கேட்டுப் பயனில்லை, அந்த ஐந்து பேரிடம் கேளுங்கள். கேட்கும் முன் பழைய புள்ளிகளை மீட்டு எல்லாருக்கும் அனுப்புங்கள். அவரவர் கைப்பேசியில் இன்னும் இருக்கக்கூடும். திட்டியதும் புலனத்தில்தானே, மன்னிப்பையும் அதே குழுவில் எல்லாரும் பார்க்கப் போடுங்கள். தனியாக அனுப்பினால் கணக்கில் வராது.

தவ்கேயிடம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஆறு பேரும் ஒரு பிரதியோடு தோட்டத்துக்குப் போய், அந்த அண்ணன் முன்னே நடக்க, நீங்கள் கடைசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பழம் விழும் பருவமாக இருந்தால் அவர் பொறுக்கி முடித்த பிறகு போங்கள். ஹெல்மெட் மறக்க வேண்டாம்.