'போவேன்' என்று ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஸ்பானிய மொழியின் நிபந்தனைக் காலத்தில் ஒழுங்கான வினைச்சொற்களுக்கு விகுதி சேர்ப்பது எப்படி? அதை எங்கெல்லாம் பயன்படுத்த வேண்டும்?

முதல் கேள்வி அரை மணி நேர வேலை. இரண்டாவது என்னை ஆறு மாதம் அலைக்கழித்தது.

நிகழ்காலத்தில் செய்வதுபோல வினையின் வாலை வெட்ட வேண்டியதில்லை. அப்லார் (பேசுதல்), கொமேர் (சாப்பிடுதல்), பிபீர் (வாழ்தல்) என எதுவானாலும், முழுச் சொல்லின் பின்னால் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்று ஒட்டினால் போதும். அழுத்தம் எப்போதும் 'ஈ'யின் மேல். நானும் அப்லாரீயா, அவரும் அப்லாரீயா. குழப்பம் வருமென்றால் 'யோ' (நான்), 'எல்' (அவன்) என்று எழுவாயைப் போட்டுவிடுங்கள். மற்றக் காலங்களில் முரண்டு பிடிக்கும் செர் (இருத்தல்), ஈர் (போதல்) இரண்டும் இங்கே சாதுவாக செரீயா, இரீயா என்று ஆகிவிடும். தெனேர் (வைத்திருத்தல்), அசேர் (செய்தல்) போன்ற ஒரு டஜன் வினைகள் மட்டும் பகுதியில் உருமாறும். விகுதி அவற்றுக்கும் இதேதான்.

ஒரு ஆபத்து உண்டு. 'கொமீயா' என்றால் முன்பெல்லாம் சாப்பிடுவேன். 'கொமேரீயா' என்றால் கிடைத்தால் சாப்பிடுவேன். நடுவில் ஒரே ஒரு 'ஏர்'. "மீன் கிடைத்தால் சாப்பிடுவேன்" என்ற பொருளில் நண்பர் வீட்டில் "கொமீயா பெஸ்காதோ" என்று சொன்னேன். "ஐயோ, எப்போது விட்டீர்கள்?" என்று அவருடைய அம்மா மீன் தட்டை என் முன்னாலிருந்து எடுத்துப் போய்விட்டார்.

தமிழர்களுக்கு உண்மையான சிக்கல் நம்முடைய 'போவேன்'தான். 'நாளைக்குப் போவேன்' என்பது இரே. 'உன் இடத்தில் நான் இருந்தால் போவேன்' என்பது இரீயா. 'சின்ன வயதில் தினமும் போவேன்' என்பது இபா. நமக்கு ஒன்று, அவர்களுக்கு மூன்று. 'நான் போவேன் என்று சொன்னான்' என்பதில் நாம் அவன் வாய்ச்சொல்லை அப்படியே வைத்து 'என்று' போட்டு முடிக்கிறோம். அவர்களோ 'தீஹோ கே இரீயா' என்று இரீயாவுக்கு மாற்றுகிறார்கள். 1847இல் ஆந்த்ரேஸ் பெயோ தம் இலக்கண நூலில் இந்தக் காலத்துக்கு வைத்த பெயர் எனக்கு இங்கேதான் கைகொடுத்தது: 'போஸ்ப்ரெதேரிதோ', அதாவது இறந்தகாலத்துக்குப் பின்னால் வருவது. நேற்றில் நின்றுகொண்டு, அதற்குப் பிறகு நடக்கவிருந்ததைப் பார்ப்பது. நிபந்தனை என்ற பெயரைவிட இது எவ்வளவோ பொருத்தம்.

ஊகத்தில் நம் மொழியே உதவிக்கு வரும். 'மணி பத்து இருக்கும்' என்று எதிர்கால வடிவில் நாம் ஊகிப்பதுபோல அவர்களும் 'செரான் லாஸ் தியேஸ்' என்பார்கள். அவர் வந்தபோது பத்து இருக்கும் என்றால் 'செரீயான் லாஸ் தியேஸ்'. நாளிதழ்களில் உறுதியாகாத செய்திக்கும் இதே வடிவம் வரும். நம்முடைய 'ஆம்' மாதிரி, 'அமைச்சர் விலகுகிறாராம்'. நடை வழிகாட்டிகளுக்கு இது பிடிக்காது, செய்தியாளர்கள் விடுவதாகவும் இல்லை. மரியாதையாகக் கேட்கவும் இதுவே: 'மே அயுதாரீயா?' என்றால் 'கொஞ்சம் உதவுவீர்களா?'

கடைசியாக, நமக்கு நிபந்தனை என்றால் 'வந்தால்', 'இருந்தால்' என்பதில் இருக்கும் 'ஆல்'. அதனால் 'சி' (என்றால்) வரும் பாதியிலேயே ஈயாவை ஒட்டக் கை துடிக்கும். கூடாது. ஈயா விளைவைச் சொல்லும் பாதிக்குத்தான். 'சி' பாதிக்கு 'ஃபுவேரா' போன்ற வேறு வடிவம் உண்டு. 'சி ஃபுவேரா மாஸ் பராத்தோ, லோ கொம்ப்ராரீயா': விலை குறைவாக இருந்தால் வாங்குவேன்.

இதற்காக மூன்று வாரம் ஆசிரியையிடம் திட்டு வாங்கிய பிறகு பில்பாவோ போனேன். சந்தையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சி செரீயா மாஸ் பராத்தோ...' என்று பெருமூச்சு விட்டார். ஸ்பெயினின் வடக்கில் பலர் அப்படித்தான் பேசுகிறார்களாம். தேர்வில் நீங்கள் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.