கல்லேவா அட்ரெபாட்டும்: கிராமத்தை விட்டுக் கிழக்கே நகருங்கள்

பழைய ரோமானிய நகரமான கல்லேவா அட்ரெபாட்டும் செயற்கைக்கோள் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சில்செஸ்டர் கிராமத்துக்குள் தேடினால் கிடைக்காது. அங்கிருந்து கிழக்கே சுமார் ஒன்றரை கி.மீ. தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது கல்லேவா. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ரெடிங் நகருக்குத் தென்மேற்கே.

செயற்கைக்கோள் படத்தில் நீங்கள் தவறவிட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: லண்டன், யார்க் போல இதன்மேல் புது ஊர் எழவில்லை. அட்ரெபாட்டிகள் என்ற பழங்குடியினரின் தலைநகராக ரோமானியருக்கு முன்பே இருந்த ஊர், பிறகு அப்படியே கைவிடப்பட்டது. (ஆய்வாளர்களுக்கு அது யோகம்தான்!)

புனித மேரி தேவாலயத்தைக் குறிவைத்துப் பெரிதாக்குங்கள். அது பழைய நகர மதிலின் கிழக்கு ஓரத்தில், உட்புறம் இருக்கிறது. அங்கிருந்து மரவரிசையைத் தொடர்ந்தால் சுமார் 2.4 கி.மீ. மதில் பலகோணமாக விரியும். வடகிழக்கில், மதிலுக்கு வெளியே வட்ட அரங்கு.

வறண்ட கோடையில் எடுத்த படமாக இருந்தால்தான் தெருக்களின் தடம் தெரியும். நேரில் போனாலும் வீடுகளின் அடித்தளத்தைப் பார்க்க முடியாது, தோண்டியதை மூடிவிட்டார்கள்.