மகள் மெய்யியல் படிக்கப் போகிறாளாம்: பொகவந்தலாவை அம்மாவுக்கு

அக்கா, போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, நனைந்த குடையை மடக்கக்கூட இல்லாமல் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "இதப் படிச்சி என்னா சேர் செய்யப் போறா?" வெளியே நாலைந்து பேர் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது விரிவாகவே எழுதுகிறேன். மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கெட்ட செய்தி. மெய்யியல், அதாவது தத்துவம் படித்த பட்டதாரி தேவை என்று பேப்பரில் விளம்பரம் போட்ட கம்பனியை நான் இன்னும் பார்க்கவில்லை. நானே அதைப் படித்தவன்தான். முதல் நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "மெய்யியலா? அப்ப பி.டி. மாஸ்டரா போகலாமே" என்றார். மெய் என்றால் உடம்பு என்று எடுத்துக்கொண்டார் மனிதர். பகிடிக்குச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, நிஜமாகவே சொன்னார். அப்புறம் இரண்டு வருடம் மாமாவின் கடையில் கணக்கு எழுதினேன். ஆகவே வேலை பற்றிய உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் உங்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கு விசுவாசமே போய்விடும் என்று. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்க இறையியலில் தோமஸ் அக்குவினாஸைத் தாண்டி யாரும் போக முடியாது. 13ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய பெரிய நூலில் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி வரும் இடத்தில் முதல் வரியே, கடவுள் இல்லை போலத் தோன்றுகிறது என்றுதான் தொடங்குகிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா, ஒரு புனிதர் எழுதியது. எல்லையில்லாத நன்மை ஒன்று இருந்தால் உலகத்தில் தீமைக்கே இடம் இருக்கக் கூடாது, ஆனால் தீமை இருக்கிறதே. அதோடு, இயற்கையில் நடப்பதையெல்லாம் இயற்கையைக் கொண்டே விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு? இன்றைக்கு யூடியூபில் நாத்திகர் சொல்லும் இரண்டு வாதங்களையும் அவரே எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் பதிலைத் தொடங்குகிறார். அந்த நூல் முழுக்க இதே முறைதான், எதிராளி பேசி முடித்த பிறகே அவர் வாய் திறப்பார். அவருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். இறந்து மூன்று வருடத்தில், 1277இல், பாரிஸ் ஆயர் கண்டித்த கருத்துகளின் பட்டியலில் இவருடையவையும் சில மாட்டிக்கொண்டன. 1323இல் புனிதராக்கினார்கள்.

கேள்விக்கு விலை கொடுத்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு, மறைக்கக் கூடாது. திஸ்ஸ பாலசூரிய என்ற குருவானவர் மரியாள் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார், ஒரு வருடம் கழித்து அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அதே காலத்தில் களனியில் அலோசியஸ் பீரிஸ் என்ற இயேசு சபைக் குரு பௌத்தத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், பௌத்த மெய்யியலில் கலாநிதிப் பட்டமே எடுத்தவர். கண்டியில் போல் காஸ்பர்ஸ் 1972இல் சத்யோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கி நம் தோட்ட மக்களின் குடியுரிமை, சம்பளம் என்று வாழ்நாளைக் கழித்தார். இவர்கள் யாரும் கேள்வி கேட்டதால் விசுவாசத்தைத் தொலைத்தவர்கள் இல்லை.

சரி, மகளின் கொப்பிக்கு வருவோம். நீங்கள் மறைத்து எடுத்து வந்து காட்டினீர்களே, அந்தச் சிவப்பு அட்டைக் கொப்பி. (அவளுக்குத் தெரியாமல் எடுத்தது தப்பு, சொல்லிவிடுங்கள்.) அதில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "மெஷின் அம்மாவை விடக் கூடக் கிலோ கொழுந்து எடுக்கிறது. கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். அப்படியென்றால் அம்மா யார்?" எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது.

நீங்கள் அதைத் தலைக்கனம் என்றீர்கள். நான் அந்த மூன்று வரியை இரண்டு தரம் வாசித்தேன். 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் கிட்டத்தட்ட இதைத்தான் தொட்டார்: தொழிலாளி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்ட கூலி அவன் சீவியத்துக்குப் போதாது என்றால் அது அநியாயம். அதே லியோதான் 1893இல் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் குருமடத்தை உண்டாக்கியவர். இப்போதைய பாப்பரசர் 2025 மேயில் 14ஆம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கும் அந்தச் சுற்றுமடலைத்தான் முக்கிய காரணமாகச் சொன்னார். அன்றைக்குத் தொழிற்சாலை என்றால் இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்றார். அதே வருடம் ஜனவரியில் வத்திக்கான் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட ஆவணமும், மனிதரின் மதிப்பு அவர் திறமையிலோ செய்துகாட்டும் வேலையிலோ இல்லை என்கிறது. ரோமில் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி உங்கள் லயத்துக் காம்பராவில் தானாக வந்து நிற்கிறது.

இனிப் படிப்பு. இறையியல் என்றால் கன்னியாஸ்திரி மடம் என்று அவளுடைய அப்பா நினைக்கிறார். இல்லை. அம்பிட்டிய குருமடம் குருவாகப் போகிற ஆண்களுக்கு. திருச்சபைச் சட்டப்படி அங்கேயே குறைந்தது இரண்டு வருடம் மெய்யியல், நாலு வருடம் இறையியல் என்று ஆறு வருடம் போகும். மகளுக்கு அந்த வழி இல்லை, அவளுக்கு அது தேவையும் இல்லை. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மெய்யியல் துறை இருக்கிறது. கிறிஸ்தவ நாகரிகம் என்றால் யாழ்ப்பாணம், கிறிஸ்தவப் பண்பாடு என்றால் களனி. பேராதனைக் கலைப்பீடத்தில் முதல் வருடம் வேறு பாடங்களும் எடுத்துவிட்டுத்தான் சிறப்புப் பட்டத்துக்கு ஒன்றைப் பிடிப்பார்கள், ஆகவே இப்போதே வீட்டில் சண்டை பிடித்து முடிவு செய்ய ஒன்றும் இல்லை. உயர்தரப் பரீட்சை இசட் புள்ளியைப் பார்த்து விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை எந்த ஒழுங்கில் போடுவது என்பதுதான் இப்போதைய வேலை. தமிழ் மொழிமூலம் எந்தப் பாடத்துக்கு உண்டு என்று பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் பார்த்துக்கொண்டு போடுவோம்.

காசு கட்டினால் இறையியல் டிப்ளோமா என்று யாராவது வந்தால், ஆசிரியர் நியமனத்துக்கு அதை ஏற்பார்களா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்ததா என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்கு என் யோசனை இதுதான், கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். மெய்யியலைத் தனியாக விடக் கூடாது. கூடவே சமூகவியலோ அரசியல் விஞ்ஞானமோ ஒன்று, அதோடு ஆங்கிலம். ஆங்கிலம் இல்லாமல் இந்தப் பாடத்தில் இரண்டாம் வருடத்துக்கு மேல் மூச்சு வாங்கும், நான் பட்டது. பட்டம் முடிந்து பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்தால் ஆசிரியர் வேலையில் கால் ஊன்றலாம். நிர்வாக சேவைப் பரீட்சையை எந்தப் பாடத்துப் பட்டதாரியும் எழுதலாம். கரித்தாஸ் போன்ற திருச்சபைத் தொண்டு அமைப்புகளில், பத்திரிகையில், மொழிபெயர்ப்பில் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் பெரிதில்லை. கொழும்பில் புடவைக்கடைக்கு அனுப்புவதாக அவளுடைய அப்பா சொல்வதோடு ஒப்பிட்டால், முதல் நாலு வருடம் நீங்கள்தான் தோற்பீர்கள், ஏனென்றால் அங்கே முதல் மாதமே காசு வரும். அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மகாபொல, பர்சரி என்ற உதவித்தொகை இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அதை வைத்து வீட்டை ஓட்ட முடியாது, அவள் சாப்பாட்டுக்கு உதவும்.

அவளுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று பார்க்க நான் ஒரு வேலை தருகிறேன். அந்தக் கொப்பியின் வெறும் பக்கத்தில், மெஷின்தான் நல்லது என்று தோட்டத்துத் துரை என்ன சொல்வாரோ அதை எழுதட்டும். நக்கல் வேண்டாம், கோபம் வேண்டாம். கொழுந்து எடுக்க ஆள் கிடைக்காதது, கிலோவுக்கு ஆகும் செலவு, ஏல விலை எல்லாம் வர வேண்டும். துரையே வாசித்தால் "ஆமா, நான் சொல்றதும் இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். அதற்குக் கீழே அவளுடைய பதில், ஒரு பக்கம் போதும். சனிக்கிழமை காலையில் அதையும் பெறுபேற்றுப் பிரதியையும் கொண்டு வாருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு நான் தலவாக்கலைக்குப் போய்விடுவேன்.