14 வயதுப் பையனுக்குத் தோள் எலும்பு முறிவு: ஆபரேஷன் தேவையா?

காரைக்குடியில் கபடி ஆடும் உங்கள் மகன் செம்மண் தரையில் தோள் இடிபட விழுந்துவிட்டான், எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு முறிவு என்கிறார்கள், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

வளரும் பிள்ளைகளுக்கு மேல்கை எலும்பின் தோள்முனையில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு உண்டு; அதுதான் வளர்ச்சித் தட்டு. அந்த எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அங்கிருந்துதான் வளர்கிறது. அதனால் முறிவு சற்றுக் கோணலாகக் கூடினாலும், வளர வளரத் தானே நேராகிவிடும். 10 வயதில் இந்தச் சக்தி அதிகம், 16-ல் குறைவு. எலும்பு ரொம்ப விலகியிருந்து, வளர்ச்சியும் முடியும் வயதென்றால் கம்பி வைப்பதை யோசிப்பார்கள்.

எக்ஸ்ரேயில் அந்தத் தட்டே கறுப்புக் கோடாகத் தெரிவதால், அது முறிவோ என்ற குழப்பம் வரும். சந்தேகம் இருந்தால் மறுதோளையும் படம் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சட்டைக்கையின் மேல் தையல் விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக விரலால் தொட்டுப் பாருங்கள். மரத்திருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். கை சில்லிட்டாலோ வெளுத்தாலோ இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். முறிந்த எலும்பு இன்னும் விலகும்.

பொதுவாக 3, 4 வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக் கட்டுக்குள் வைப்பார்கள். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டட்டும். முதல் வாரம் தலையணைகளில் சாய்ந்தபடி தூங்கினால் வலி குறையும். அப்புறம் பயிற்சி. எலும்பு கூடியது படத்தில் தெரிந்து, வலியில்லாமல் கையை முழுக்கத் தூக்கிய பிறகே கபடி. அதற்குச் சுமார் 3 மாதம் ஆகலாம்.