தோப்பு யார் கையில்? படப்பிடிப்புக்கு இடம் தேடுவோருக்கான கேள்வி - பதில்

கேள்வி: கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ, வீடியோ எடுத்துத் தருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் குறைந்த வாடகைக்கு ஒரு மாந்தோப்பு வேண்டும். யாரிடம் பேசுவது? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: தோப்பு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பூ, பிஞ்சு நிலையிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதன்பின் அறுப்பு முடியும்வரை காவல் குத்தகைதாரருடையது. பட்டாதாரர் போனில் 'தாராளமா எடுத்துக்கோங்க' என்பார். காவல்காரர் வேலியோரத்திலேயே வண்டியை மறிப்பார். இருவரிடமும் சம்மதம் வாங்கிவிட்டே தேதி குறியுங்கள்.

பூக்கிற தை, மாசியில் மருந்து அடிப்பார்கள். அன்றைக்குப் பட்டுப்புடவையோடு உள்ளே போனால் புடவையும் பாழ், மூச்சும் திணறும். பூங்கொத்தை வளைத்துப் பிடித்து போஸ் கொடுப்பதும் வேண்டாம். உதிர்வதெல்லாம் குத்தகைதாரரின் காய். ஆனி, ஆடியில் அறுப்பு முடிந்த தோப்புதான் மலிவு. காய் இருக்காது; நிழலும் பச்சையும் இருக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். முழு நாள் கேட்காமல் காலை 6 முதல் 10 வரை என்று கேளுங்கள். அதற்குமேல் வெயில் இலை வழியாகப் புள்ளி புள்ளியாக முகத்தில் விழும், படம் தேறாது.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தேதி, நேரம், ஆட்கள், வண்டிகள், முன்பணம், மழை வந்தால் மாற்று நாள், கிளை ஒடிந்தால் யார் பொறுப்பு. படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் சேருங்கள். பிற்பாடு வருகிற சண்டை பெரும்பாலும் இதில்தான்.

பம்புசெட் லைனில் விளக்கு மாட்டாதீர்கள். அது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் அபராதக் கணக்குப் போடுவார்கள், அது இணைப்பு வைத்திருப்பவர் தலையில் விழும். 200 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்றுக்கு 1 கேவிஏ ஜெனரேட்டர் போதும். வீடியோவில் குரலும் பதிவானால் பேட்டரி விளக்கே மேல்.

கேள்வி: ஒகேனக்கலில் பரிசலில் வைத்து எடுக்கலாமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: தேதி குறிக்கும் முன், காவிரி நீரை அளக்கும் எல்லையோர இடமான பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைப் பாருங்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடும். கட்டிய முன்பணம் அதோடு போச்சு. எதிர்க்கரை கர்நாடகம் என்பதால் இங்கே வாங்கிய அனுமதி அங்கே செல்லாது. குழுவோடு, விளக்கு சாமான்களோடு போவதானால் ஆட்சியர் அலுவலகத்திலும் வனத்துறையிலும் எழுத்துமூலம் கேளுங்கள். சரணாலய எல்லைக்குள் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். ரசீது தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். தளி, அஞ்செட்டி காட்டோரம் கேழ்வரகு விளையும் பருவத்தில் யானை நடமாட்டம் அதிகம். விடியற்காலைப் பனி அழகாகத்தான் இருக்கும். யானையும் அந்த நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும்.

கேள்வி: ஓசூரில் ட்ரோன் பறக்கவிட யாரைக் கேட்க வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: ட்ரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறம் என்று அன்றைக்கே பாருங்கள். பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் ஊகித்துப் பறக்கவிட வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதியும், சிவப்புக்கு மத்திய அரசு அனுமதியும் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்கு ஓட்டினால் ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். நிலம் உங்கள் மாமாவுடையதாக இருந்தாலும் இதே விதிதான்.

கேள்வி: தர்மபுரி ரயில் நிலையத்தில் ஒரு காட்சி எடுக்க சேலம் கோட்டத்துக்கு விண்ணப்பித்தேன்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்? (வாசகர், தர்மபுரி)

பதில்: தர்மபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது, ஓசூரும் அப்படியே. சேலம் கோட்டத்தில் வருவது மொரப்பூர். உங்கள் காட்சிக்கு மொரப்பூர் ஒத்துவரும் என்றால் நிலையத்தின் பெயரை மாற்றி சேலத்துக்கே மறுபடி விண்ணப்பியுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். அத்துமீறலுக்கு ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு.