ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு?

கேள்வி: போன இலையுதிர் காலத்தில் காஸ் ஃபர்னஸைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பூட்டினோம். காலை 7 மணிக்கு எல்லோரும் வெளிக்கிட்டால் 5 மணிக்குத்தான் திரும்புவோம். "ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு? நிறுத்திவிட்டுப் போங்கள்" என்கிறார் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமனார். பூட்டியவரோ நிறுத்தவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால் அந்த 26 டிகிரி வித்தியாசம்தான் சுவர் வழியாகச் சூட்டை வெளியே தள்ளுகிறது. வீடு ஆறியிருந்தால் இழப்பும் குறையும். காஸ் ஃபர்னஸ் காலத்தில் இது நல்ல பழக்கம்தான். ஃபர்னஸ் முரட்டு ஆள். வீட்டைச் சட்டென்று சூடாக்கிவிடும்.

ஹீட் பம்ப் அப்படியில்லை. அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தருகிறது. வெளியே 7, 8 டிகிரி இருக்கும்போது ஒரு பங்கு மின்சாரத்துக்குச் சுமார் 3 பங்கு சூடு கிடைக்கும். மைனஸ் 15இல் நல்ல இயந்திரத்திலும் 2 பங்கு அளவில்தான். அதுவும் நிதானமாக ஓடவிட்டால்தான். 5 மணிக்கு வந்து ஒரேயடியாக ஐந்து டிகிரி ஏற்றச் சொன்னால் கம்ப்ரசர் முழு வேகத்தில் திணறும். போதாததற்கு, காற்றுக்குழாயில் இருக்கும் மின்சுருளும் எரியத் தொடங்கும். அதில் ஒரு பங்குக்கு ஒரு பங்குதான். பகலில் மிச்சம் பிடித்ததை மாலையில் அது விழுங்கிவிடும்.

இருபது வருடம் ஃபர்னஸ் திருத்தியவன் நான். என் வீட்டில் ஹீட் பம்ப் வந்த முதல் குளிர்காலத்தில் நானே இதைத்தான் செய்தேன்: பகலில் 16, மாலையில் 21. தெர்மோஸ்டாட்டில் 'ஆக்ஸ்' என்ற எழுத்து, அதாவது அந்த மின்சுருள் எரிகிறது என்ற அடையாளம், மினுங்கியதைப் பார்த்தும் கவலைப்படவில்லை. பில் வந்த அன்று மனைவி அதை என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பகலில் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் இறக்குங்கள். 'ஆக்ஸ்' எந்தக் குளிருக்குக் கீழே எரியலாம் என்பதையும் பூட்டியவரிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவில் 2023 மே முதல் இரவு மலிவுக் கட்டணத் திட்டம் இருக்கிறது. நீங்கள் அதில் சேர்ந்திருந்தால் கணக்கே தலைகீழ். இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப் போல் பத்து மடங்கு. அதாவது, படுக்கும்போது சூட்டைக் குறைக்கும் நம் பழக்கத்தால் பெரிய லாபமில்லை. விடியுமுன் ஒரு டிகிரி ஏற்றி வையுங்கள். 4 மணிக்கு முன் இன்னொரு முறை. பிறகு 9 வரை கொஞ்சம் இறங்கவிடுங்கள். குளிர் உள்ளே புகும் பழைய வீடென்றால் இப்படி ஏற்றி வைத்த சூடு வெகுநேரம் நிற்காது. அங்கே முதல் வேலை கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்பதுதான்.

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போனாலும் நிறுத்தாதீர்கள். 15இல் விட்டுப் போங்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் காணாது. நிறுத்துவதற்கு ஏற்ற காலம் சூடும் வேண்டாம், குளிரும் வேண்டாம் என்கிற மே மாதமும் செப்டம்பர் கடைசியும். அப்போதும் தெர்மோஸ்டாட்டில் நிறுத்துங்கள், பிரேக்கரில் கை வைக்காதீர்கள். கம்ப்ரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் சிறு ஹீட்டர் பல இயந்திரங்களில் உண்டு. குளிர்காலத்தில் பிரேக்கர் நெடுநேரம் அணைந்திருந்தால், மறுபடி போட்டதும் ஓடவிடாமல் ஓர் இரவு பொறுங்கள்.

அப்புறம், வெளிப்பெட்டியிலிருந்து குபுகுபுவென்று வெண்புகை வந்தால் பயப்பட வேண்டாம். உறைபனியை உருக்க இயந்திரம் சில நிமிடம் திசை மாறி ஓடுகிறது; அது நீராவி. தீப்பிடித்துவிட்டது என்று ஓர் அக்கா எனக்குப் போன் எடுத்திருக்கிறார்.

அந்தப் பெட்டியைச் சுற்றிக் குவியும் பனியை யாராவது தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாமனார் பகலில் வீட்டுப் பக்கம் வருகிறவர்தானே?